ஹூஸ்டன் வெயிலில் காருக்குள் வைக்கும் கைத்துப்பாக்கி

சகோ, ஹூஸ்டனில் இருக்கிறேன், 400 டாலருக்குள், காரின் சென்டர் கன்சோலில் (முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள பெட்டியில்) போட்டுவைக்க ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வாங்கும் முன் விசாவைப் பாருங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு என்றால் தடையில்லை.

என் தேர்வு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9, 9 மி.மீ. ஸ்லைடும் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) பேரலும் (குழல்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த ஊர் ஈரக்காற்றுக்கு அதுதான் முக்கியம். டிரிகரை இழுக்கக் கனமாக இருக்கும், 200 ரவுண்டு சுட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

கன்சோல் மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடியை உடைப்பவன் கை முதலில் போவது அங்கேதான். சீட்டுக்கு அடியில் ஸ்டீல் பூட்டுப்பெட்டி வையுங்கள். அதைக் கட்டிவைக்கும் கேபிளை சீட் நகரும் தண்டவாளத்தில் சுற்றாதீர்கள், சீட்டைத் தள்ளும்போது நசுங்கும். தரையோடு போல்ட் போட்ட சீட் தாங்கியில் சுற்றுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். துரு முதலில் குறிபார்க்கும் பின்பக்க சைட்டின் அடியிலும் சின்ன ஸ்பிரிங்குகளிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒருமுறை துடையுங்கள். மெல்லிய எண்ணெய் வெயிலில் வழிந்து காய்ந்துவிடும், ஸ்லைடு ஓடும் தடத்தில் கிரீஸ் தடவுங்கள். தோட்டாக்களை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

டெக்சாஸில் வண்டிக்குள் கண்ணில் படும்படி இருந்தால் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) இருக்க வேண்டும். ராத்திரி மட்டும் காரில் விடாதீர்கள், வீட்டுக்குள் எடுத்துப் போய்ப் பூட்டுங்கள்.