வல்லாரையா மாத்திரையா? பாம்பன் அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், பையனுக்கு 8 வயசு, மூணாங்கிளாஸ். ஒரு இடத்துல உக்கார மாட்டான், வாரம் ஒரு பென்சில் டப்பாவ தொலைச்சிட்டு வர்றான். ஏடிஹெச்டியா (கவனக்குறைவு, அதிகத் துறுதுறுப்பு) இருக்கும் காட்டுங்கன்னு டீச்சர் சொல்றாங்க. ஆனா போன்ல கேம்னா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான். மாமியார் வல்லாரை குடு, ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டுப் போன்னு சொல்றாங்க. மாத்திரைன்னா பழகிடுமோன்னு பயமா இருக்கு. இயற்கையா ஏதாவது வழி இருக்கா?

பதில்: மொதல்ல அந்த போன் விஷயம்மா, அதுலதான் பாதிப்பேர் ஏமாந்து போறாங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு கவனமே இல்லைன்னு அர்த்தம் இல்ல, வேண்டிய இடத்துல வேண்டிய நேரம் அதைப் பிடிச்சு வைக்க முடியல, அவ்வளவுதான். கேம்ல நொடிக்கு நொடி ஏதாவது ஜெயிச்சிட்டே இருக்கான், வாய்ப்பாடு எழுதுனா என்ன கிடைக்குது? அதனால போன்ல உக்கார்றத வச்சு "இவனுக்கு ஒண்ணுமில்ல"ன்னு முடிவு பண்ணாதீங்க. வளர்ப்பு சரியில்லைன்னு யாராவது சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க, இது பெரும்பாலும் பரம்பரையில வர்றது, அவங்கப்பா சின்ன வயசுல எப்படி இருந்தார்னு உங்க மாமியார்கிட்டயே கேட்டுப் பாருங்க.

அதுக்காக டீச்சர் சொன்ன உடனே பேரும் வச்சிட முடியாது. 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், குறைஞ்சது 6 மாசமா இருக்கணும், ஸ்கூல், வீடுன்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கணும். இதை உறுதி பண்ண ஸ்கேன் கிடையாது, ரத்த டெஸ்ட்டும் கிடையாது (பிரெய்ன் மேப்பிங்னு யாராவது ஆயிரக்கணக்குல கேட்டா எழுந்து வந்துடுங்க). ஆனா காது, கண், ரத்தசோகை பாக்கணும். ராத்திரி குறட்டை விட்டு வாயால மூச்சு விடுறானா, அதுவும் முக்கியம். மூக்குக்குப் பின்னாடி இருக்கிற அடினாய்டு சதை வீங்கி தூக்கம் கெட்டாலும் பிள்ளை பகல்ல இப்படித்தான் ஆடும்.

இப்ப இயற்கை. வல்லாரை துவையல் அரைச்சுக் குடுங்க, நல்ல கீரைதான், ஏடிஹெச்டிக்கு மருந்துன்னு சொல்ற அளவுக்கு மட்டும் ஆதாரம் இல்ல. ஆனா லேபிள் இல்லாம பொட்டலம் கட்டித் தர்ற பற்பம், செந்தூரம் வேண்டவே வேண்டாம், சிலதுல ஈயம், பாதரசம் இருக்குது, ஈயமே பிள்ளைங்க மூளைய பாதிக்கிற சமாச்சாரம். ஒமேகா-3 மாத்திரையால கிடைக்கிற பலன் ரொம்பக் கொஞ்சம், பாம்பன்ல இருந்துக்கிட்டு அதுக்கு ஏன் காசு, சாளை மீன் குழம்பு வைங்க. சர்க்கரையாலதான் துள்ளுறான்னு சொல்றதும் ஆராய்ச்சியில நிக்கல. கலர் போட்ட மிட்டாய் சில பிள்ளைங்களுக்கு லேசா தூண்டிவிடும், குறைச்சா நஷ்டமில்ல.

மருந்தே இல்லாத வைத்தியம்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு, அத யாரும் கேட்டு வர்றதில்ல. பெத்தவங்களுக்குக் குடுக்குற பயிற்சி. அடுப்படியில இருந்து கத்தாம கிட்டப் போய் தோள்ல கைவச்சு, ஒரு தடவைக்கு ஒரே வேலை சொல்லுங்க. செஞ்ச உடனே பாராட்டுங்க, ராத்திரி அப்பா வந்ததும் சொல்லலாம்னு தள்ளிப் போட்டா அவனுக்கு ஏறாது. வீட்டுப்பாடம் பத்து நிமிஷம், அப்புறம் ஒரு ஓட்டம், மறுபடி பத்து நிமிஷம். ஸ்கூல்ல முன் பெஞ்ச் கேளுங்க. படுக்கிற எடத்துக்கு போன் வரக்கூடாது. அடி வேண்டாம், அடி வாங்குனது ஞாபகம் இருக்கும், எதுக்குன்னு இருக்காது. அப்பா கடலுக்குப் போற வீட்டுல அம்மா ஒரு சட்டம், அப்பா ஒரு சட்டம்னு ஆயிடுது, அதனால ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சா ரொம்ப நல்லது.

6 வயசுக்குள்ளன்னா இந்தப் பயிற்சிதான் மொதல். உங்க பையன் வயசுல, இதுவும் பண்ணி ஸ்கூல்ல பின்தங்கிட்டே இருந்தான்னா மாத்திரைய ஒதுக்காதீங்க. அமெரிக்காவுல 579 பிள்ளைங்கள 14 மாசம் பாத்து 1999ல வெளியிட்ட ஆய்வுல, கவனமும் துறுதுறுப்பும் சரியாக, பயிற்சி மட்டும் குடுத்ததவிட ஒழுங்கா கவனிச்சுக் குடுத்த மருந்து நல்லா வேலை செஞ்சது, ரெண்டும் சேர்ந்தப்ப டோஸ் குறைவாவே போதுமா இருந்துச்சு. இதுக்கு வழக்கமா குடுக்குற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை செய்யும், சாதா மாத்திரை நாலு மணி நேரம் நிக்கும். பசி குறையும், அதனால காலையில சாப்பிட வச்சிட்டுக் குடுக்கணும், சாயங்காலம் குடுத்தா தூக்கம் கெடும். 6 மாசத்துக்கு ஒருக்கா உயரம், எடை, கூடவே நாடி, பிபியும் பாக்கணும். குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இதயத்தால இறந்திருந்தா ஆரம்பிக்கும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. டாக்டர் சொன்ன அளவுல, உங்க கையால குடுத்தா போதைப் பழக்கம் மாதிரி ஆகாது. அது ஒத்துக்கலைன்னா அடோமாக்ஸிடின்னு வேற மருந்து இருக்கு, ஆனா அது பலன் காட்ட நாலஞ்சு வாரம் பொறுக்கணும்.

ஏர்வாடிக்குப் போகணும்னா போய்ட்டு வாங்க, துவா பண்ணுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அங்க தங்க வைக்கிற பேச்சே வேண்டாம், 2001ல அங்க ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டியிருந்தவங்க தீயில செத்தது இந்த மாவட்டத்துலதான். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில குழந்தைகள் ஓபி, மனநல ஓபி ரெண்டுலயும் காட்டுங்க, அதுவரைக்கும் பேச ஆள் வேணும்னா அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, காசு கிடையாது. போகும்போது டீச்சர்கிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கோங்க, பழைய ஸ்கூல் நோட்டு ரெண்டும் எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டு.