கேள்வி – பதில்: என்ஜின் தரும் காற்று

கே: விமானத்துக்குள் நாம் சுவாசிக்கும் காற்று என்ஜினிலிருந்துதான் வருகிறதாமே, புகை கலக்காதா?

ப: கலக்காது. எரிபொருள் சேரும் அறைக்கு முன்னாலேயே, கம்ப்ரஸரில் அழுத்தப்படும் காற்றில் ஒரு பங்கைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். ‘ப்ளீட் ஏர்’ என்பது இதுதான். போயிங் 737-800 என்ஜினில் இதற்கு இரண்டு வாசல்கள்: காற்றைப் படிப்படியாக அழுத்தும் கம்ப்ரஸர் அடுக்குகளில் 5-ஆம் அடுக்கு, 9-ஆம் அடுக்கு. என்ஜின் வேகமாக ஓடும்போது 5-ஆம் அடுக்கே போதும். இறங்குவதற்காக விசையைக் குறைத்தால் அங்கே அழுத்தம் விழும். உடனே 9-ஆம் அடுக்கின் வால்வு திறந்துகொள்ளும். எப்போதும் 9-இலேயே எடுக்கலாமே என்றால், அங்கே சூடு அதிகம், எரிபொருளும் வீண்.

கலக்கக்கூடியது புகையல்ல, எண்ணெய். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்தால் கசிவு கம்ப்ரஸர் காற்றோடு சேர்ந்து, அழுக்குக் காலுறை நாற்றமாகக் கேபினுக்குள் வரும். லாக்புக்கில் எழுதியே தீர வேண்டிய கோளாறு அது. ரூம் ஸ்ப்ரே அடித்து மறைப்பதற்கில்லை.

கே: என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஏசி காற்று நின்றுபோவது ஏன்?

ப: என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டரும் காற்றில்தான் ஓடுகிறது. வாலில் இருக்கும் ஏபியூ என்ற சிறு என்ஜின் தரும் காற்றில் ஏசி பேக்கும் (ப்ளீட் காற்றைக் குளிர்வித்துக் கேபினுக்கு அனுப்பும் கருவி) பங்கு கேட்டால் ஸ்டார்ட்டர் மந்தமாகும். மந்தமாகச் சுழலும் என்ஜினில் எரிபொருளை விட்டால் டர்பைன் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அதனால்தான் பேக்கைச் சற்று நேரம் மூடுகிறார்கள். 787-இல் ஸ்டார்ட்டர், கேபின் காற்று இரண்டுமே மின்சாரத்தில்.

கே: 737-800-இல் ‘ப்ளீட் ட்ரிப் ஆஃப்’ விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது. அழுத்தத்தைச் சீராக்கும் பெரிய வால்வை மாற்றியும் பயனில்லை. எங்கே பார்ப்பது?

ப: குழாய்க் காற்று 254 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும், அல்லது அழுத்தம் 220 பிஎஸ்ஐயைத் தாண்ட வேண்டும்; அப்போதுதான் அந்தப் பெரிய வால்வு தானாக மூடிக்கொண்டு (ட்ரிப் ஆகி) விளக்கு எரியும். பெரும்பாலும் சூடுதான் காரணம், எனவே ப்ளீட் காற்றைக் குளிர்விக்கும் பிரீகூலரில் தொடங்குங்கள். என்ஜின் விசிறியின் குளிர்காற்றை அதற்குள் விடும் வால்வை ஒரு சென்சார் 199 டிகிரி வாக்கில் இயக்குகிறது. அதை மீறினால் 232-இல் தெர்மோஸ்டாட் பெரிய வால்வைக் கொஞ்சம் மூடிச் சமாளிக்கப் பார்க்கும். 254 வரை போனது என்றால் இரண்டு காவலும் தவறியிருக்கின்றன என்று பொருள். குளிர்காற்று வால்வு பாதியில் சிக்கியிருக்கிறதா, சென்சாரின் அளவு பிசகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டேக்-ஆஃப் விசையில் மட்டும் எரிந்தால் 9-ஆம் அடுக்கு வால்வு மூடாமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். பெரிய வால்வுக்கு அழுத்த அளவை உணர்த்தும் மெல்லிய சென்ஸ் குழாயில் கசிவு இருந்தால் கதை வேறு: அழுத்தம் குறைந்து காட்டும், ட்ரிப் ஆகாது.