தோலுரித்த மனிதனும் ஆத்தங்குடிக் கல்லும் (கடிதம்)

அண்ணே, வணக்கம்.

காலேஜ் லீவில் வந்திருக்கும் என் மகன் வளவில் உட்கார்ந்து நாள் முழுக்க டூல் என்ற அமெரிக்க மெட்டல் குழுவைக் கேட்கிறான். ஆச்சி காதைப் பொத்திக்கொள்கிறார். சத்தம்கூடப் பரவாயில்லை. அவர்களுடைய 'லேட்டரலஸ்' சிடியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். உள்ளே தோலுரித்த மனிதன் படம். பாட்டுதான் போனிலேயே கிடைக்கிறதே, இந்தப் படத்துக்கு எதற்கு அண்ணே காசு?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

ஆச்சி பக்கம் நியாயம் இருக்கிறது. நாலு பக்கமும் தூணும் சுவருமான வளவில் டிரம்ஸ் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். முதலில் பையனுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.

படத்தை வரைந்தவர் அலெக்ஸ் கிரே. அவருடைய எல்லாப் படமும் எனக்குப் பிடிக்கும் என்றில்லை, படம் முழுக்கக் கண்களை அள்ளித் தெளித்துவிடுவார். ஆனால் 2001இல் வந்த இந்த ஆல்பத்தில் படத்தைக் கண்ணாடி மாதிரித் தாள்களில் அடுக்கியிருக்கிறார்கள். புரட்டப் புரட்ட உடம்புக்குள் ஒவ்வோர் அடுக்காக இறங்கலாம். போன் திரையில் இது நடக்காது.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டின் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணக் குழம்பை ஊற்றி அச்சைத் தூக்கிவிடுவார்கள். அதன் மேல் உலர்ந்த கலவை, அப்புறம் ஈரச் சாந்து. நாம் மிதிக்கப்போகும் முகம் கண்ணாடியில் குப்புறக் கிடக்கிறது. கண்ணாடி கழன்ற பிறகுதான் பூ தெரியும். கல் போடுகிறவர் முகத்தில் தொடங்கி முதுகுக்குப் போகிறார். உங்கள் பையனும் அந்தத் தாள்களைப் புரட்டும்போது மேலடுக்கில் தொடங்கி உள்ளே போகிறான்.

பாட்டும் இப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டில் சொற்களின் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, 5, 3 என்று இறங்கும். பல்லவி மாதிரித் திரும்ப வருகிற இடத்தில் தாளம் 9, 8, 7 எண்ணிக்கையாக வரும். கூட்டினால் 24, அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட நம் ஆதி தாளத்தில் மூன்று சுற்று. அந்த இடத்தில் நீங்கள் தொடையில் ஆதி தாளம் போடுங்கள். பாட்டு உங்களைவிட ஓர் எண்ணிக்கை தள்ளிப் போகும், அடுத்த சுற்றிலும் தள்ளியே நிற்கும், மூன்றாவது சுற்று முடியும்போது சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் தட்டில், வந்து சேர்ந்துகொள்ளும். டிரம்ஸ் வாசிக்கும் டேனி கேரி முறையாகத் தபலா கற்றவர். இதை ஒரு தடவை பிடித்துவிட்டால் உங்களுக்கு அது சத்தமாகக் கேட்காது. ஆச்சிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

உறை விஷயத்தில் இவர்கள் பிடிவாதக்காரர்கள். கிட்டார் வாசிக்கும் ஆடம் ஜோன்ஸ் ஹாலிவுட்டில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவர். 2006இல் வந்த '10,000 டேஸ்' ஆல்பத்தின் அட்டையிலேயே இரண்டு லென்ஸ் பதித்துவிட்டார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் படம் எழுந்து நிற்கும். அந்த உறைக்குக் கிராமி இசை விருது கிடைத்தது. நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். ஒரு லென்ஸ் முழுக்கக் கீறல், படம் படுத்தே கிடக்கிறது.

பையன் அடுத்து அதைத்தான் கேட்பான். வாங்குவதற்கு முன் லென்ஸ் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.