சமர்கந்தில் எது பழையது? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

உஸ்பெகிஸ்தான் குறித்து நீங்கள் எழுதியவற்றைப் படித்தபின், நானும் என் கணவரும் அங்கே போய்வர முடிவு செய்திருக்கிறோம். நான் சேலத்தில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆண்டுதோறும் மாணவிகளைத் தாரமங்கலம் கோயிலுக்கு அழைத்துச் சென்று தூண் தூணாகக் காட்டியிருக்கிறேன். ஒரு பயண நிறுவனம் எட்டு நாளில் தாஷ்கண்ட், சமர்கந்து, புகாரா, கீவா ஆகிய நான்கு ஊர்களையும் வழிகாட்டியுடன் காட்டுவதாகச் சொல்கிறது. கைப்பேசியிலேயே எல்லாத் தகவலும் கிடைக்கும்போது வழிகாட்டிக்கு எதற்குப் பணம் என்கிறான் மகன். முன்பு போன வடநாட்டுச் சுற்றுலாவில் வழிகாட்டி அரசர்களின் பெயர்களை ஒப்பித்துவிட்டு எங்களைக் கடைகளுக்கு அழைத்துப் போனதில் எனக்கும் சலிப்பு உண்டு. வழிகாட்டி வேண்டுமா? எட்டு நாள் போதுமா? என் கணவருக்கு மூட்டுவலி இருப்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள அம்மையாருக்கு,

வழிகாட்டியுடனேயே செல்லுங்கள். ஆண்டுகளும் அரசர் பெயர்களும் உங்கள் மகன் சொல்வது போலக் கைப்பேசியில் கிடைத்துவிடும். அவற்றுக்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நாட்டின் பழைய நகரங்களில் இன்று நாம் பார்ப்பவற்றில் கணிசமான பகுதி, இடிந்து கிடந்ததைச் சென்ற நூற்றாண்டில் மீண்டும் எழுப்பியது. எது தைமூர் காலத்துச் செங்கல், எது சோவியத் காலத்து ஓடு என்று அந்த இடத்தில் நின்று விரல் நீட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். தாரமங்கலத்தில் ராமர் சிற்பத்தின் அருகே நின்றால் வாலி தெரிவான், வாலியின் அருகே நின்றால் ராமர் தெரியமாட்டார். எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிராவிட்டால் உங்கள் மாணவிகள் அந்தத் தூண்களை வெறுமனே கடந்து போயிருப்பார்கள். சமர்கந்தில் உங்களுக்கு அந்த வேலையைச் செய்ய ஒருவர் தேவை.

ரெகிஸ்தான் சதுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மதரசாக்கள் ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்பதால், ஒரே காலத்தில் திட்டமிட்டுக் கட்டியவை என்றுதான் முதலில் தோன்றும். தைமூரின் பேரனான உலுக் பெக்கின் மதரசா 1420-இல் முடிந்தது. அதற்கு எதிரே நிற்கும் ஷேர்-தோர் இரு நூற்றாண்டுகள் கழித்து 1636-இலும், நடுவிலுள்ள தில்லா-கோரி 1660-இலும் நிறைவுற்றன. படங்களில் எல்லாரும் பார்த்துப் பழகிய தில்லா-கோரியின் நீலக் குவிமாடமோ சோவியத் காலத்தில் ஏற்றப்பட்டது. உலுக் பெக் மதரசாவின் சாய்ந்திருந்த மினார் ஒன்றை 1932-இல் நிமிர்த்தினார்கள்.

இதைவிட முக்கியமானது பீபி கானம் மசூதி. 1398-இல் டெல்லியைச் சூறையாடித் திரும்பிய தைமூர், அடுத்த ஆண்டே இதைத் தொடங்கினார். இந்தியாவிலிருந்து கொண்டுபோன யானைகள் இதற்குக் கல் இழுத்தன. 1404-இல் சமர்கந்துக்கு வந்த ஸ்பானியத் தூதர் கிளாவிஹோ, நுழைவாயில் தாழ்வாக இருப்பதாகத் தைமூர் சினந்து அதை இடித்துக் கட்டச் சொன்னதையும், நோயுற்றிருந்த நிலையிலும் பல்லக்கில் வந்து, குழிக்குள் வேலை செய்தவர்களுக்கு மேலிருந்து இறைச்சியையும் காசையும் எறியச் சொல்லி விரட்டியதையும் எழுதி வைத்திருக்கிறார். அவசரத்தில், அளவுக்கு மீறிய உயரத்தில் எழுந்த கட்டடம் சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கியது. 1897 நிலநடுக்கத்தில் பெரிய வளைவும் விழுந்தது. இன்று நிற்பது பெரும்பாலும் 1970-களுக்குப் பின் நடந்த வேலை. நான் போனபோது எங்களுக்கு வழிகாட்டிய பெண்மணி, ரஷ்யப் புகைப்படக் கலைஞர் புரோகுதின்-கோர்ஸ்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த வண்ணப் படத்தின் நகலை உறையிட்டு வைத்திருந்தார். வாயிலுக்கு எதிரே எங்களை நிறுத்தி, படத்தைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, படத்திலுள்ள சிதைந்த ஓரத்தையும் எதிரே உள்ள முழு வளைவையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னார். அந்த மசூதியைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

மீட்டெடுத்ததைக் குறையாகச் சொல்லவில்லை. விழுந்த வளைவை எழுப்பியதால்தான் தைமூர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பது நமக்குக் கண்ணால் தெரிகிறது. ஆனால் எல்லா மாற்றமும் அப்படிப்பட்டதல்ல. தைமூரின் சொந்த ஊரான ஷாக்ரிசப்ஸில் நடுநகரத்துப் பழைய குடியிருப்புகளை இடித்துப் பூங்காவும் நடைபாதையும் அமைத்துவிட்டார்கள். அதனால் 2016-இல் யுனெஸ்கோ அந்த ஊரை ஆபத்திலுள்ள பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தது. பயணிகளுக்காக ஊரையே பலி கொடுத்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

வரலாற்று ஆசிரியையான நீங்கள் சமர்கந்தில் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் உலுக் பெக்கின் வானாய்வுக்கூடம். பல சுற்றுலாக்காரர்கள் இதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் தரைக்கு மேலே பார்க்க ஒன்றும் இல்லை. கட்டடம் அழிந்து, இருந்த இடமே மறந்துபோன பிறகு, 1908-இல் வியாத்கின் என்ற தொல்லியலாளர் ஒரு பழைய நிலக்கொடைப் பத்திரத்தைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்தார். பாறையை வெட்டி இறக்கிய ஏறத்தாழ 11 மீட்டர் ஆழமுள்ள அகழி; அதற்குள் சலவைக்கல் பதித்த இரண்டு இணை வளைவுகள் இருளுக்குள் சரிந்து இறங்குகின்றன. குனிந்து பார்த்தால் கல்லில் பாகைக் கோடுகள் வெட்டியிருப்பது தெரியும். உச்சிவேளையில் மேலே இருந்த துளை வழியாக வந்த சூரிய ஒளி இந்த வளைவில் எந்தக் கோட்டில் விழுகிறது என்று நாள்தோறும் குறித்துவந்தார்கள். இப்படிக் கணித்த ஆண்டின் நீளத்தில் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 1018 விண்மீன்களின் நிலையைத் தொகுத்த அவர்களுடைய அட்டவணை 1437-இல் வெளிவந்தது. அரசராகவும் இருந்த உலுக் பெக்கை 1449-இல் பெற்ற மகனே கொல்லச் செய்தான்; 1941-இல் சோவியத் மானுடவியலாளர் கெராசிமோவின் குழுவினர் தைமூர் குடும்பத்தின் கல்லறை மாடமான கூர்-எ-அமீரில் அவர் கல்லறையைத் திறந்தபோது தலை வெட்டப்பட்டிருந்தது எலும்பில் உறுதியானது. இவ்வளவையும் அந்த அகழியின் விளிம்பில் நின்று கேட்க வேண்டும்.

புகாராவில் நிலைமை வேறு. சாமானித் அரச மரபினரின் கல்லறை மாடம் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. ஒரு பக்கம் ஏறத்தாழ 11 மீட்டர்தான், வண்ண ஓடு ஒன்றுகூடக் கிடையாது, செங்கல்லைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியே கூடைப் பின்னல் போலச் செய்திருக்கிறார்கள். சமர்கந்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இதைச் சிறியதென்று ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்; முழுமையாகத் தப்பி நிற்பது இதுதான் என்று யாராவது சொல்லியிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். 1127-இல் எழுந்த கல்யான் மினார் செங்கிஸ்கானின் படையெடுப்பைத் தாண்டி, 1920-இல் செம்படையின் குண்டுவீச்சில் காயப்பட்டுச் சீர்செய்யப்பட்டது. ஊருக்குள் முன்பு ஏராளமான குளங்கள் இருந்தன. குடிநீர் வழியே பரவும் நரம்புச் சிலந்திப் புழு நோயை ஒழிக்கச் சோவியத் அரசு அவற்றில் பெரும்பாலானவற்றை வற்றவைத்தது. நோயும் போயிற்று, குளங்களை நம்பி வாழ்ந்த நாரைகளும் போயின. மூக்கனேரியில் பறவைகளைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்கள் இதைக் கேட்டு ஒரு கணம் நின்றுவிடுவார்கள். இப்போது எஞ்சியிருப்பவற்றில் பெயர்பெற்றது லியாபி ஹவுஸ்.

எட்டு நாளில் நான்கு ஊர் அதிகம். புகாராவிலிருந்து கீவாவுக்குப் பாலைவனச் சாலையில் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். பகல் முழுவதும் வண்டியிலேயே கழிந்துவிடும். கீவாவின் மதில் சூழ்ந்த உள்நகரம் அழகானதே, ஆனால் அதற்காக சமர்கந்தை ஒரே நாளில் முடிப்பது சரியல்ல. கீவாவை நீக்கி, சமர்கந்தில் மூன்று இரவும் புகாராவில் மூன்று இரவும் கேளுங்கள். இரண்டு ஊர்களுக்கும் தாஷ்கண்டிலிருந்து அஃப்ரோசியாப் விரைவு ரயில் இருப்பதால் பயணம் வருத்தாது. நாடு முழுவதும் ஒரே வழிகாட்டி வருகிறாரா, ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர் காட்டுகிறாரா என்றும் முன்கூட்டியே விசாரியுங்கள். உள்ளூர்க்காரருக்கு நான் முன்னுரிமை தருவேன். கடைகளில் நிறுத்தும் நேரத்தை வேண்டாம் என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்குச் சிரமம் தரக்கூடியது சமர்கந்தின் ஷாஹி ஜிந்தா என்னும் கல்லறை மாடத் தொகுதி. நுழைவாயிலைத் தாண்டியதும் செங்குத்தான படிக்கட்டு வரும். கைப்பிடித்து மெதுவாக ஏறலாம், அவசரப்படுத்தாத குழுவாக இருக்க வேண்டும். புகாரா பெரும்பாலும் சமதளம். லியாபி ஹவுஸுக்குப் பக்கத்திலேயே விடுதி கேட்டு வாங்குங்கள். பழைய நகரத்தின் பெரும்பகுதி அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது, களைத்தால் அவர் திரும்பிவிடலாம். ஜூலையில் வெயில் கடுமை. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து