குடிப்பழக்கமே இல்லை, ஆளும் ஒல்லி. ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் கொழுப்பு) என்று வந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

எனக்கும் இப்படித்தான் தெரிய வந்தது. சிறுநீரகக் கல் வலிக்கு எடுத்த ஸ்கேனில், கடைசி வரியாக இதே கிரேடு 1. "இப்ப எல்லாருக்கும் இருக்கு, விடுங்க" என்றார்கள். விட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.8 சதவீதம், அதாவது சர்க்கரை நோய். அந்த வரியை அன்றைக்கே மதித்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

குடிக்காதவருக்கு எப்படி வரும்? சோறு, இட்லி, இனிப்பு டீ என்று தேவைக்கு மிஞ்சி உள்ளே போகும் மாவையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தொப்பைக் கொழுப்பும் கரைந்து அங்கேதான் போய்ச் சேரும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர்கள் நம்மில் நிறைய. அதனால் எடையை மட்டும் பார்க்காதீர்கள், டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

முக்கியமான விஷயம், கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று சொல்லாது. கல்லீரல் சுருங்கி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை கொண்டுபோவது அந்தத் தழும்புதான். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி சரியாக இருப்பவருக்கும் அந்தத் தழும்பு இருக்கலாம். டாக்டரிடம் தழும்பு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும் 'ஃபிப்-4' எண்ணைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு நொதி), எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை இருந்தால் போதும், தனிச் செலவு கிடையாது. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. கூடினால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

எனக்குக் கைகொடுத்தது எடைக் குறைப்பு. 78 கிலோவிலிருந்து 71க்கு வர ஒன்றரை வருடம் ஆனது. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன், டீயில் சர்க்கரையை விட்டேன், தினமும் முக்கால் மணி நேரம் வேக நடை. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். 7 முதல் 10 வரை குறைந்தால் வீக்கமும் தணியும். உங்களைப் போல ஒல்லியானவர்களுக்கு இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே பலன் தெரியும்.

அப்புறம், 'லிவரைச் சுத்தம் செய்யும்' பொடி, கஷாயம் என்று யார் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாங்கிக் குடிக்காதீர்கள். சில மூலிகை மருந்துகளே கல்லீரலைக் கெடுத்துவிடும்.

இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் இல்லை, மாரடைப்பு போன்ற இதய நோய்கள்தான். ஆகவே இந்த வாரமே சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.