மேனேஜர் என்று பெயர் வைத்தால் ஓவர்டைம் போய்விடுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் அசிஸ்டென்ட் மேனேஜராக இருந்தேன். 2025 முழுக்க மாதம் 5,000 டாலர், தினமும் சுமார் பத்து மணி நேர வேலை, ஓவர்டைம் கிடையாது. கேட்டால், "ஃபெடரல் சட்டப்படி சரிதான்" என்கிறார் முதலாளி. ஓவர்டைம் கேட்க மாட்டேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிவிட்டார். ஊர்க்காரர் என்று நம்பினேன். எல்லார் முன்னாலும் திட்டினார், விலகிவிட்டேன். வேலை செய்த நேரத்தையெல்லாம் இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: திட்டியதையும் ஊர்க்காரர் என்ற வருத்தத்தையும் விடுங்கள். பார்க்க வேண்டியது உங்கள் ஆண்டுச் சம்பளம், 60,000 டாலர். ஓவர்டைம் இல்லாத மேனேஜர் என்று சொல்ல, சம்பள அளவில் ஃபெடரல் சட்டத்துக்கு வாரம் 684 டாலர் போதும். அதுவரை அவர் சொல்வது சரி. கலிஃபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு வேண்டும். 2025-இல் அது 68,640 டாலர். மாநிலச் சட்டம் தொழிலாளிக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அதுதான் செல்லும். உங்கள் சம்பளம் அந்த அளவுக்குக் குறைவு என்பதால், நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்ற வாதத்துக்கே போக வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்த தாளும் செல்லாது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்த வேலைக்கு மணிக்குச் சுமார் 43 டாலர் வரும்.

என் பயம் அந்த நோட்டைப் பற்றித்தான். முதலாளி நேரக் கணக்கு வைக்காவிட்டால் தொழிலாளியின் நியாயமான மதிப்பீடே போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இலேயே சொல்லிவிட்டது. அதை நம்பி, கோபத்தில் பலர் தினமும் பன்னிரண்டு மணி நேரம் என்று ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். எதிர்த்தரப்பு கடையின் அலாரம் பதிவை எடுத்து நீட்டும். நீங்கள் கடையில் இருந்ததாக எழுதிய ஒரு சனிக்கிழமை வேறெங்கோ இருந்தது தெரிந்தால், உண்மையாக உழைத்த நாட்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். இப்போது எழுதியதை அன்றன்றைக்கு எழுதியதாகக் காட்டவே காட்டாதீர்கள். குத்துமதிப்பு என்று சொல்லுங்கள், குறைத்தே சொல்லுங்கள். கடை திறந்ததும் மூடியதும் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். "பணம் தராவிட்டால் வரித்துறைக்குச் சொல்வேன்" என்று மட்டும் அவருக்கு எழுதிவிடாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்ட குற்றம் உங்கள் மேல் திரும்பும்.

சரி, வழக்கா? முதலில் லேபர் கமிஷனரிடம் புகார் கொடுங்கள். ஒவ்வொரு சம்பள நாளிலிருந்தும் மூன்று ஆண்டுதான் கெடு. அங்கே சமரசப் பேச்சில் முக்கால் பங்கு தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பு வருவதற்குள் சின்னக் கடை மூடிவிட்டால் வசூலிப்பது பெரும்பாடு. தவணையில் தருகிறேன் என்றால், ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.