ஈறில் ரத்தம் வந்தால் மாரடைப்பு வருமா?

கேள்வி: பல் தேய்க்கும்போது அப்பாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறது. அந்தக் கிருமி இதயத்துக்குப் போய் மாரடைப்பு வரும் என்கிறார்களே, உண்மையா?

நான் டாக்டர் இல்லை. திருவையாற்றில் எங்கள் பெரியம்மாவுக்குப் பல் பிடுங்கப் போய்த் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததில் பெரியம்மாவுக்கு இதய வால்வு கெட்டு, பின்னாளில் செயற்கை வால்வு வைத்தார்கள். வெற்றிலை, சீவல், ஒரு துணுக்குப் புகையிலை இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்ததும் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அங்கே யாரும் வால்வு பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தாயிற்று. அப்போதுதான் பெரியம்மா, "தம்பி, நெஞ்சுல வால்வு வச்சிருக்கு, பரவாயில்லையா?" என்றார். ஊசியை அப்படியே வைத்துவிட்டு, இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

இதய டாக்டர் சொன்னது இது. பல் பிடுங்கும்போது வாய்க் கிருமிகள் கொஞ்ச நேரம் ரத்தத்தில் கலக்கும். நமக்கெல்லாம் உடம்பே சமாளித்துவிடும். செயற்கை வால்வு இருந்தால் அதில் ஒட்டி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாக அமாக்சிசிலின் 2 கிராம் கொடுத்தார். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது என்றார். இந்தத் தொடர்பில் சந்தேகமே கிடையாது. ஆனால் இது மாரடைப்பு அல்ல, வால்வில் வரும் தொற்று.

மாரடைப்பு விஷயம் இவ்வளவு தெளிவானதில்லை. ஈறு நோய்க் கிருமிகளின் மரபணுத் தடயம் ரத்தக்குழாய்க் கொழுப்புப் படிவிலேயே கிடைத்திருக்கிறது. சரி, மதகு அடைப்பை எடுக்கும்போது ஒரு பழைய செருப்பு அகப்பட்டால், அடைத்தது செருப்புதான் என்று சொல்லிவிடலாமா? ஈறு கெட்டவர்களுக்கு இதய நோய் அதிகம்தான். ஆனால் புகையிலையும் சர்க்கரையும் இரண்டையுமே கெடுக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, தொடர்பு உண்டு, காரணம் என்று நிரூபணமாகவில்லை என்றது. ஈறு வைத்தியத்துக்குப் பிறகு ரத்தக்குழாய் நன்றாக விரிந்து கொடுப்பதாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அதை வைத்து மாரடைப்பு குறையும் என்று சொல்ல முடியாது.

அதனால் பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்தியை விடுங்கள். அப்பாவுக்கு முதலில் சர்க்கரை பாருங்கள். ஆறாத ஈறுக்குப் பின்னால் பல நேரம் அது இருக்கும். அப்புறம் பல் டாக்டரிடம் போய்ப் பல்லில் படிந்திருக்கும் காரையை எடுத்துவிடுங்கள். வால்வு, ஆஸ்பிரின் எதுவானாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா புகையிலையை விட்டுவிட்டார். சீவலுக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.